நாலாம் நம்பர் கேட்டின் மார்க்கி

கார்மேகத்துக்கு யாராவது ஓசியில் டீ வாங்கிக் கொடுத்தால், குடிப்பதற்கு முன் "எதுக்கு?" என்று கேட்பான். பதில் திருப்தியாக இருந்தால்தான் உதட்டில் வைப்பான். அப்படிப்பட்ட மனுஷனைக் கூப்பிட்டு, 2007ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பிரெஞ்சு தேசத்துப் பிரபுப் பட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். இலவசமாக. அவன் அதைச் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சந்தேகம் அவனுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முதுகுளத்தூரில் ஒரு ஏஜெண்ட் 'டிரைவர் விசா' என்று சொல்லி நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினான். ஓமனில் வந்து இறங்கிப் பார்த்தால் ஓட்டுவதற்கு வண்டியைக் காணோம், நிற்பதற்கு ஒரு வேலி மட்டும் தயாராக இருந்தது. அன்றிலிருந்து எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அதன் கீழே தமிழில், குண்டு குண்டான எழுத்தில், 'வாங்கிக்கொண்டேன். படிக்கவில்லை' என்று எழுதிவிடுவான். யூனிஃபார்ம் ரிஜிஸ்டர், பூட்ஸ் ரிஜிஸ்டர், டார்ச் லைட் ரிஜிஸ்டர், எல்லாவற்றிலும் இதே கதை. பல வருஷமாக ஆபீஸில் இருந்த மலையாளிகளும் பிலிப்பினோக்களும் அதை அவனுடைய முழுப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சோஹாரில், துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கடலோரமாக, அவனுடைய கம்பெனி நூற்று நாற்பது வில்லா கட்டிக்கொண்டிருந்தது. பெயர் ஷத்தோ கோஸ்ட், அதாவது கோட்டைக் கடற்கரை. கம்பெனியின் சேர்மன் பாரீஸுக்குப் போய் மூன்று நாள் தங்கினார். திரும்பி வந்ததும் ஒவ்வொரு வில்லாவின் தலையிலும் கூம்பாக ஒரு கோபுரம் வைக்கச் சொன்னார். கோபுரத்துக்குள் தண்ணீர்த் தொட்டி. ஜூன் மாதம் அடித்த புயலில் பதினேழு கோபுரம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி முடிப்பதற்குள் வேலை நாலு மாதம் பின்னால் போயிற்று. ஆனாலும் நவம்பர் பதினைந்தாம் தேதி வீடு வாங்க வருகிறவர்களுக்கு விருந்து வைத்துக் காட்டியே ஆகவேண்டும் என்று சேர்மன் நாள் குறித்துவிட்டார்.

கார்மேகத்துக்கு டியூட்டி நாலாம் நம்பர் கேட்டில். அது பின்பக்கம். அந்த வழியாகக் குப்பை லாரி வரும், கழிவுநீர் டேங்கர் வரும், வழி தவறிய ஆடுகள் வரும். மூன்றையும் ஒரே மாதிரிதான் விசாரிப்பான்.

அவனுக்கும் ஒரு நாள் குறித்திருந்தார்கள். நவம்பர் இருபத்தொன்று, மதுரையில் அவன் மனைவி நாகவள்ளிக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் அவள் கட்டிலை விட்டு எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். இனியும் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

"நீங்க வந்து வெளிய நிக்கணும். அப்பத்தான் நான் உள்ள போயி படுப்பேன்," என்றாள் நாகவள்ளி போனில்.

"ஏன்டி, நானா கத்தியப் பிடிக்கப் போறேன்? நான் வந்து நின்னு என்ன ஆகப்போகுது?"

"எவனோ கட்டுன வீட்டுக்கு அம்புட்டு வருசமா நிக்கிறீகல்ல. எனக்கு ஒரு நாளு நில்லுங்க."

அவள் போனை வைத்த பிறகும் அவன் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றான். அவள் குரலில் ரத்தம் குறைந்திருப்பது அவனுக்குக் கேட்டது. பயந்துபோனான்.

மூன்று வருஷமாக அவன் ஊருக்குப் போகவில்லை. ஆகஸ்ட் மாதமே முப்பது நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அவன் பாஸ்போர்ட், எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் போல, ஹெச்.ஆர். மேனேஜர் தேவசுந்தரத்தின் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. தேவசுந்தரம் நாகர்கோவில்காரர், கம்பெனியின் வேறு கிளையிலிருந்து சமீபத்தில் மாறி வந்தவர், ஆபீஸில் மேடைத் தமிழ்தான் பேசுவார். லீவு மனுவைப் பார்த்து "பரிசீலனையில் இருக்கிறது" என்றார். செப்டம்பரிலும் பரிசீலனையில் இருந்தது. அக்டோபரில் பட்டம் வந்தது.

பட்டமளிப்பு விழா கேம்ப் மெஸ்ஸில் நடந்தது. அறுபத்து மூன்று பேரை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு சிவப்பு வெல்வெட் தொப்பி கொடுத்தார்கள். தொப்பியில் ஒரு இறகு. அது கோழி இறகு என்று மெஸ் சமையல்காரன் ஷிபின் பார்த்ததுமே சொல்லிவிட்டான். அந்த வாரம் மூன்று நாள் சிக்கன் போட்டதன் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கார்மேகம் தொப்பியைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தான். ஷிபின் ஏப்ரலிலிருந்து லீவு கேட்கிறான். பிளம்பர் அருள்ராஜ் ரம்ஜானுக்கு முன்னாலிருந்து கேட்கிறான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணிப் பார்த்தான். லீவு கேட்காதவன் ஒருத்தன்கூட வரிசையில் இல்லை.

தேவசுந்தரம் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! இன்று முதல் நீங்கள் தொழிலாளர்கள் அல்லர். தொழிலாளி என்பவன் யார்? வேலை செய்வான், லீவு கேட்பான், ஏசி ஓடவில்லை என்று புகார் சொல்வான். பிரபு என்பவர் யார்? அவரும் வேலை செய்வார். மற்ற இரண்டையும் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். அந்த உயர்ந்த கூச்சத்தை இன்று இந்த நிர்வாகம் உங்களுக்கு அளிக்கிறது!"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினால்தான் பிரியாணி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

ஒவ்வொருவரின் வேலையையும் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் போட்டு, அதற்கு வந்த பட்டத்தை எடுத்ததாக தேவசுந்தரம் விளக்கினார். சேர்மன்தான் ராஜா. அவருக்குக் கீழே தூக், அதற்கடுத்து மார்க்கி, பிறகு கோம்த், விகோம்த், கடைசியில் பரோன். தேவசுந்தரம் கோம்த். அருள்ராஜ் விகோம்த். ஷிபின் பரோன். நாலாம் நம்பர் கேட் கார்மேகம், மார்க்கி.

கார்மேகம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அப்படியென்றால் அவன் ஹெச்.ஆர். மேனேஜருக்கு ஒரு படி மேலே. வாட்ச்மேனை மேனேஜர் தன் தலைக்கு மேல் தூக்கி வைக்கிறார் என்றால் கீழே என்னமோ தோண்டி வைத்திருக்கிறார். "இதுல ஒரு கோளாறு இருக்குடா," என்றான் ஷிபினிடம்.

"பிரியாணி நல்லதாக்கும் அண்ணா, நான் வச்சதுதான்," என்றான் பரோன்.

பட்டத்தோடு நாலு பக்கக் கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள். முழுவதும் பிரெஞ்சு. கடைசிப் பக்கத்தில் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாக இருந்தது. கார்மேகம் கையெழுத்துப் போட்டு, கீழே 'வாங்கிக்கொண்டேன். படிக்கவில்லை' என்று எழுதினான். தமிழ் தெரிந்த தேவசுந்தரத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"இது என்ன, மார்க்கி அவர்களே?"

"வழக்கம் சார்."

நவம்பர் மூன்றாம் தேதி அவன் பாஸ்போர்ட் கேட்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனான். உள்ளே நுழைந்ததும் தேவசுந்தரம் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவனுக்கு யாரும் நாற்காலி காட்டியதில்லை. கால் உடைந்த நாற்காலியோ என்று அசைத்துப் பார்த்துவிட்டு நுனியில் உட்கார்ந்தான்.

"பதினேழாந்தேதி கெளம்பணும் சார். லீவு மனு…"

"எந்த லீவு? லீவு மனு தொழிலாளர்களுக்கானது. நீங்கள் இப்போது தொழிலாளர் பட்டியலிலேயே இல்லை. பாருங்கள், சிஸ்டத்தில் உங்கள் பெயரைத் தட்டுகிறேன். 'இல்லை' என்று வருகிறதா?"

"அப்ப டியூட்டி?"

"டியூட்டி உண்டு. அது பட்டத்தோடு சேர்ந்தது."

"சார், வீட்டுல பொம்பளைக்கு ஆபரேசன். இருவத்தொண்ணாந்தேதி. நான் போகணும்."

"பிரபுக்கள் ஊருக்குப் போகமாட்டார்கள், மார்க்கி அவர்களே. ஊர்தான் அவர்களைப் பார்க்க வரும்."

"ஊரு எப்புடி சார் வரும்? அதுக்கு யாரு விசா குடுப்பா?"

தேவசுந்தரம் புன்னகை செய்து, மேஜை டிராயரிலிருந்து பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தார். 'பிரபுக்கள் எல்லை கடக்கும் விண்ணப்பம்.' ஏழு தலைமுறைப் பெயர் எழுத வேண்டும். சொந்தக் கோட்டை, சொந்தக் கொடி, கொடியில் என்ன மிருகம், குதிரைகள் எத்தனை என்று வரிசையாகக் கேட்டிருந்தது.

கார்மேகம் இரண்டு நாள் கேட்டில் உட்கார்ந்து நிரப்பினான். அப்பா பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர் வரை எழுதிவிட்டான். நாலாவது தலைமுறைக்கு ஆள் தெரியவில்லை. யோசித்துப் பார்த்து, குலதெய்வம் அய்யனாரை எழுதினான். அவர் எல்லா தலைமுறைக்கும் பொதுதானே. மிருகம் என்ற இடத்தில் ஆடு. குதிரைகள் என்ற இடத்தில், அய்யனாருக்கு நேர்ந்து வைத்ததை நினைத்துக்கொண்டு, 'இரண்டு' என்று எழுதினான். பொய் எழுதக் கூடாதே என்று பக்கத்தில் 'மண் குதிரை' என்றும் சேர்த்தான்.

விண்ணப்பத்தை ஆய்வுக் குழு ஆராய்ந்தது. குழுவில் தேவசுந்தரமும், தேவசுந்தரத்தின் பேனாவும், தேவசுந்தரத்தின் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. மறுநாளே பதில் வந்துவிட்டது: 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: குதிரைகள் மண்ணாலானவை.'

அன்று சாயங்காலம் கார்மேகம் மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. ஷிபினுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அண்ணா, அந்தக் கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கேல்ல. மஸ்கட்டுல, ரூவியில ஒரு டைப்பிங் சென்டர்ல காரைக்கால் பாய் ஒருத்தர் உண்டு. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில படிச்சவராக்கும். அவருட்ட கொண்டு காட்டணும்."

"நீ ஏன்டா எனக்கு இம்புட்டு உதவி பண்ற?"

"அதே கடிதம் எனக்கும் தந்திருக்கு அண்ணா."

பதில் திருப்தியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து கார்மேகம் ரூவிக்குப் போனான். ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறக்கும்வரை எதிர்ச் சுவர் நிழலில் நின்றான். விசா பேப்பர், கபீல் என்கிற ஸ்பான்சருக்கு மனு, வாடகைப் பத்திரம் என்று ஊரார் காகிதத்தையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிற கடை அது. காரைக்கால் பாய் செய்கு முகம்மதுக்கு அறுபது வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. வந்தவனை உட்காரச் சொல்லி, இரண்டு டீ சொன்னார்.

"எதுக்கு பாய்?" என்றான் கார்மேகம்.

"தொண்டை காஞ்சு கெடக்குது. ஒங்களுக்கும் காஞ்சுதான இருக்கும்?"

செய்கு முகம்மது கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். முதல் பத்தியிலேயே முகத்தைச் சுளித்தார்.

"யாரு எழுதுனது இது? கம்ப்யூட்டர்ல போட்டு மொழிபெயர்த்துருக்காங்க. எங்க ஸ்கூல்ல இப்படி எழுதுனா வெயில்ல முட்டி போட வெப்பாங்க. வேஷங்கட்டி நாடகம் போடுற கிளப்பு ஏதோ ஒண்ணோட சட்டத்தை அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க தம்பி. நீங்க யாரு, மார்க்கியா?"

"அப்புடித்தான் சொல்றாக. அப்புடின்னா என்ன பாய்? பெரிய ஆளா?"

"கேளுங்க. அந்தக் காலத்துல ராஜ்யத்தோட ஓரம் இருக்குல்ல, எதிரி நாட்டை ஒட்டுன பூமி, அதுக்கு 'மார்ஷ்'னு பேரு. எல்லை. அங்க காவலுக்கு ராஜா ஒரு ஆளைப் போடுவாரு. அந்த எல்லைக்காரன்தான் மார்க்கி."

கார்மேகம் டீயைக் கீழே வைத்தான். "அப்ப வாட்ச்மேன்."

"ரொம்பப் பெரிய வாட்ச்மேன்."

"இவுக எனக்குப் புதுசா ஒண்ணும் குடுக்கலயே பாய். இருந்த வேலையத்தான எடுத்துத் திருப்பிக் குடுத்துருக்காக?"

"அதே வேலை, அதே கேட்டு. பேரு மட்டும் பிரெஞ்சுல." செய்கு முகம்மது சிரித்தார். "ஒங்களுக்கு மட்டுமில்ல. கோம்த்துன்னா ராஜாவோட கூடவே இருக்குற துணையாளு. தூக்குன்னா படைக்கு முன்னால போறவன். விகோம்த்து, அந்த கோம்த்துக்குப் பதிலாளு. பரோன்னா சும்மா 'ஆளு'ன்னு அர்த்தம். ராஜாவோட ஆளு. எல்லாமே ஆதியில டியூட்டிதான் தம்பி. டியூட்டி பாத்தவன் செத்துப்போனான். அவன் மவன் டியூட்டியை விட்டுட்டு பேரை மட்டும் வெச்சுக்கிட்டான். அதுக்கப்புறந்தான் அது பட்டமாச்சு."

"எனக்கு ரெண்டையும் சேத்துக் கட்டிவிட்டானுக."

இரண்டாம் பக்கத்தில் அவன் தேடி வந்தது இருந்தது. ராஜா ஆபத்து நீங்கியது என்று சொல்லும்வரை மார்க்கி எல்லையை விட்டு நகரக் கூடாது. கார்மேகம் தலையை ஆட்டினான். சந்தேகம் சரியாகப் போனதில் அவனுக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. அதற்குள் நாகவள்ளியின் முகம் நினைவில் வந்து அந்தத் திருப்தியும் போய்விட்டது.

மூன்றாம் பக்கம் உரிமைகள். "ராஜா தூரத்துல இருப்பாரு, எதிரி பக்கத்துல இருப்பான். அதனால மத்த பிரபுக்களுக்கு இல்லாத அதிகாரம் மார்க்கிக்கு உண்டு. யாரையும் கேக்காம, யாரு வந்தாலும், எல்லையை மூடலாம்," என்று செய்கு முகம்மது படித்துவிட்டுக் கடிதத்தை மடிக்கப் போனார்.

"சின்ன எழுத்தையும் படிங்க பாய். அதுக்குள்ளதான் வச்சிருப்பானுக."

செய்கு முகம்மது நாலாம் பக்கத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். "தண்டனை. ராஜாவைப் பலர் முன்னால அவமதிச்ச பிரபுவை, அவர் எந்தப் பட்டத்துல இருந்தாலும், நாப்பது நாள் நாடு கடத்தணும். சொந்த ஊருக்கு அனுப்பணும். போக்குவரத்து ராஜா பொறுப்பு. நாப்பது நாள் கழிச்சு பட்டத்தையும் எடத்தையும் திருப்பிக் குடுக்கணும்."

கார்மேகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னொருக்கா படிங்க," என்றான் கார்மேகம்.

மூன்று தடவை படிக்க வைத்தான். பிறகு நாலு பக்கத்தையும் ஆங்கிலத்தில் டைப் அடித்து, கடை முத்திரை போட்டுத் தரச் சொன்னான். செய்கு முகம்மது அடித்துக் கொடுத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நெனைக்கிறது எனக்குத் தெரியுது தம்பி. வேணாம். நாப்பது நாளுன்னு காகிதத்துல இருக்கும். அவங்க விசாவையே கேன்சல் பண்ணி ஒரேயடியா ஏத்திவிட்டா?"

பஸ்ஸில் திரும்பும்போது கார்மேகத்துக்கு அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. வேலை போனால் ஆபரேஷனுக்கு அப்புறம் அவளை எதை வைத்துக் காப்பாற்றுவது? போகாவிட்டால் அவள் மறுபடியும் கட்டிலை விட்டு எழுந்து வந்துவிடுவாள். அவளைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே கிடையாது. உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். வழியில் பர்க்கா ஊரைத் தாண்டும்போது முடிவு செய்துவிட்டான்.

நவம்பர் பதினைந்து, வியாழக்கிழமை. முன்வாசலில் மூன்றடுக்கு நீரூற்று வைத்திருந்தார்கள். சாயங்காலம் மூன்றரை மணிக்கு அதன் அடிக்குழாய் வெடித்து, முன்பக்கச் சாலை முழுக்க முழங்கால் தண்ணீர். குழாய் எப்படி வெடித்தது என்பதை விகோம்த் அருள்ராஜிடம்தான் கேட்கவேண்டும். முந்தின நாள் மெஸ்ஸில் அவனும் கார்மேகமும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எப்படியோ, சேர்மனின் காரும், வீடு வாங்க வந்தவர்களின் பதினான்கு கார்களும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நாலாம் நம்பர் கேட்டுக்கு வந்தன.

கேட் மூடியிருந்தது. குறுக்குக் கம்பி இறங்கியிருந்தது. அதன் பின்னால் கார்மேகம், யூனிஃபார்ம், பூட்ஸ், தலையில் கோழி இறகு வைத்த தொப்பியோடு நின்றான். முழங்கால் இரண்டும் நடுங்கின. நல்லவேளை, பேண்ட் தொளதொள என்று இருந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தான். "யல்லா, யல்லா!" என்றான். பிறகு சேர்மனே கண்ணாடியை இறக்கினார்.

"நான் யாரென்று தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"தெரியும் சாப். ராஜா."

"பிறகு ஏன் திறக்கவில்லை?"

"எல்லை மூடியிருக்கு சாப். மார்க்கியோட அதிகாரம். மூணாம் பக்கம்."

பின்னால் வந்த கார்களிலிருந்து ஜனங்கள் இறங்கிவிட்டார்கள். தொப்பியையும் இறகையும் பார்த்ததும் இது தங்களுக்காக ஏற்பாடு செய்த நாடகம் என்று முடிவு செய்துகொண்டார்கள். கேமராக்கள் வெளியே வந்தன. ஒரு அம்மாள் தன் குழந்தையைக் கொண்டுவந்து கார்மேகத்தின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். மூச்சிரைக்க ஓடி வந்த தேவசுந்தரம் சேர்மனின் காதோடு காதாக ஹிந்தியில், "கேன்சல் பண்ணிடலாம் சார். கலாஸ், முடிஞ்சுது. நாளைக்கே ஏத்தி விட்டுடலாம்," என்றார்.

கார்மேகத்துக்கு அது நன்றாகக் கேட்டது.

அதே நேரம் கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சேர்மன் கூட்டத்தைப் பார்த்தார். காரிலிருந்து இறங்கி, கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, பாரீஸில் அருங்காட்சியகப் படத்தில் பார்த்த ராஜா மாதிரி ஒரு காலை முன்னால் வைத்தார்.

"ராஜாவையே தடுக்கிறாயா! கோம்த்! இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?"

தேவசுந்தரம் சட்டத்தைத் திறந்தார். சட்டம் பிரெஞ்சில் இருந்தது. அவர்தான் அதைக் கண்டுபிடித்தவர், அச்சடித்தவர், அறுபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியவர். ஒரு வரிகூடப் படித்தவர் இல்லை. பக்கத்தைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். கார்மேகம் சட்டைப் பையிலிருந்து முத்திரை போட்ட ஆங்கிலக் காகிதத்தை எடுத்து, கம்பிக்கு மேலாக நீட்டினான்.

"நாலாம் பக்கம் சார். சின்ன எழுத்து."

தேவசுந்தரம் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். "ராஜாவைப் பலர் முன்னிலையில் அவமதிக்கும் பிரபு, நாற்பது நாள்கள், இந்த மண்ணிலிருந்து…" என்று முழங்கியவர், "சொந்த ஊருக்கு" என்ற இடத்தில் லேசாகத் தடுமாறினார். "போக்குவரத்து ராஜாவின் பொறுப்பு" என்ற இடத்தில் குரல் கம்மிவிட்டது. கடைசி வரி யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் சத்தம் போட்டதால் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று.

"நாடு கடத்துங்கள்!" என்று சேர்மன் கையை நீட்டினார். அவருக்கு அந்த வசனம் மிகவும் பிடித்துவிட்டது. கேமராவில் சரியாக விழவில்லை என்று ஒருவர் சொன்னதும் இன்னொரு தடவையும் சொன்னார்.

கார்மேகம் சல்யூட் அடித்து, கம்பியைத் தூக்கினான். பதினைந்து கார்களும் உள்ளே போயின.

அன்றைக்கு விருந்தில் பதினோரு வில்லாவுக்குக் கையெழுத்தானது. வாங்கியவர்களில் மூன்று பேர், அந்தப் பாவப்பட்ட மார்க்கியை உண்மையிலேயே நாடு கடத்துவீர்களா, நாற்பது நாள் கழித்துத் திரும்பி வரும்போது நாங்களும் பார்க்க வரலாமா என்று கேட்டார்கள். சேர்மன் தேவசுந்தரத்தைக் கூப்பிட்டு, சட்டப்படி ஒரு குறையும் இல்லாமல் நடக்க வேண்டும், வரவேற்புக்கும் ஏற்பாடு செய் என்றார்.

நாடு கடத்தல் உத்தரவு மறுநாள் தயாராயிற்று. ஆங்கிலத்தில்தான். ஷிபினின் அறையில் இருக்கும் பையன் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல, கார்மேகம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அதன் கீழே எழுதினான்: 'படித்தேன். முழுச் சம்மதம்.'

அவன் ஹெச்.ஆர். அறையை விட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் வரிசை நின்றது. அறுபத்திரண்டு பிரபுக்களும் தொப்பியோடு வந்திருந்தார்கள். முன்னால் ஷிபின், விருந்தன்று ராஜாவின் சூப்பில் இரண்டு கிலோ சர்க்கரையைக் கொட்டியது நான்தான் என்று வாக்குமூலம் எழுதிக் கையில் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் அருள்ராஜ், கையில் குழாய்த் துண்டு ஒன்றை ஆதாரமாக வைத்திருந்தான்.

பதினேழாம் தேதி மஸ்கட் விமான நிலையத்துக்கு கார்மேகத்தை தேவசுந்தரமே காரில் அழைத்துப் போனார். நாடு கடத்தப்படுகிறவரை ஒரு கோம்த் எல்லைவரை கொண்டு விட வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். அப்புறம் வாயிலிருந்து வந்தது மேடைத் தமிழாக இல்லை.

"கார்மேகம், ஒண்ணு கேக்கட்டா? கோம்த்துன்னா என்ன அர்த்தம்னு அந்த பாய் சொன்னாராடே?"

"ராஜாவோட கூடவே இருக்குறவரு சார். அவரை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாதாம்."

தேவசுந்தரம் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "எனக்க மகளுக்கு டிசம்பர்ல சர்ச்சுல முதல் நற்கருணை. நான் அவளைக் கண்டு ரெண்டு வருசமாச்சு. அவரு விடமாட்டேங்காரு. அந்தத் தண்டனை… கோம்த்துக்கும் உண்டுமா?"

"எதுக்கு சார் கேக்குறீக?" என்றான் கார்மேகம். வழக்கம் விடவில்லை. பிறகு அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது. "எந்தப் பட்டத்துல இருந்தாலும்னுதான் போட்டிருக்கு சார். ஆனா பலர் முன்னால இருக்கணும். நல்லா அவமதிக்கணும்."

தேவசுந்தரம் தலையை ஆட்டிக்கொண்டே காருக்குத் திரும்பிப் போனார்.

இருபத்தொன்றாம் தேதி காலை, மதுரை ஆஸ்பத்திரியில், பச்சை அங்கி போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்த நாகவள்ளி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் வந்து மூன்று நாளாகியும் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

"நெசமாச் சொல்லுங்க. லீவு குடுத்துட்டாகளா?"

"எத்தன தடவ சொல்றது? லீவு குடுக்கல. நாடு கடத்திட்டாக."

"ஆரை?"

"மார்க்கியை."

"அது ஆரு?"

"வாட்ச்மேனு."

அவள் நம்பாமல் பார்த்தாள். அது அவனிடமிருந்து தொற்றிக்கொண்ட பார்வைதான். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வராந்தாவில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. கார்மேகம் உட்காரவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில், கால்களைச் சற்று அகட்டி வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அந்த வழியாக வந்த ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர், "யாருங்க அது? ஓரமா நில்லுங்க," என்று அதட்டினார்.

"ஓரமாத்தான்யா நிக்கிறேன்," என்றான் கார்மேகம்.

இரண்டரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் நாகவள்ளி கண்ணை மூடி, மூச்சு சீராக ஏறி இறங்க, படுத்திருந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வாசலுக்கு வந்த ஒரு வண்டியை ஒன்றும் கேட்காமல் அவன் வழிவிட்டான்.